இலக்கணமா, தெளிவா? ஆங்கிலத்தில் எழுதும்போது எது எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்

நான் அனுப்பிய ஒரு மெயில் இன்னும் மறக்கவில்லை. "தி வெட்னஸ்டே மீட்டிங் ஹேஸ் பீன் மூவ்ட் ஃபார்வர்ட் டூ டேஸ்." புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் நகர்ந்த செய்தியை எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். திங்கட்கிழமை காலை பாதிப் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேர் வெள்ளிக்கிழமைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எழுவாய் சரி, வினை சரி, காலம் சரி. எந்த கிராமர் வாத்தியாரிடம் கொடுத்தாலும் சிவப்பு மை படாமல் திரும்பி வரும். ஆனால் 'ஃபார்வர்ட்' என்ற சொல் சிலருக்கு நாளைக் கிட்டே இழுப்பதாகவும், சிலருக்கு அப்பால் தள்ளுவதாகவும் பட்டிருக்கிறது. மொழி உளவியல் ஆய்வாளர்கள் இதே மாதிரி வாக்கியத்தை வைத்துத்தான் பல ஆண்டுகளாக மக்களைச் சோதிக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆங்கிலமே தாய்மொழியான ஆட்களும் திங்கள் என்றும் வெள்ளி என்றும் பிரிந்து போகிறார்கள்.

அடுத்த முறை கூட்டத்தின் நாள் மாறியபோது, சக ஊழியர் ஒருவர் இப்படி எழுதினார்: "மீட்டிங் மண்டே 10 ஏ.எம்., நாட் வெட்னஸ்டே." வினைச்சொல்லே கிடையாது. ஒருவரும் நாள் தவறவில்லை.

இந்த இரண்டு மெயில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. தினமும் ஆங்கிலத்தில் மெயில், அறிக்கை, விண்ணப்பம், குறிப்பு என்று ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கிற நாம், எழுதி முடித்ததும் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும்? விதியையா, படிப்பவருக்குப் புரியுமா என்பதையா? இரண்டும் ஒத்துப்போகும் வரை பிரச்சினை இல்லை. மோதிக்கொள்ளும்போது எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் விஷயம். நம்மில் பலர் ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பழகும் முன்பே விதிகளாகப் படித்தவர்கள். அதனால் விதி தவறிவிட்டால் வருகிற பதற்றம், பொருள் தவறிவிட்டால் வருவதில்லை. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் விதியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று சொல்பவர்களோடும் நான் இல்லை.

விதியின் பக்கத்தை முதலில் பார்ப்போம், அதற்கு நியாயமான காரணம் உண்டு. தமிழில் 'நாய் மனிதனைக் கடித்தது' என்றாலும் 'மனிதனை நாய் கடித்தது' என்றாலும் கடித்தது யார் என்பதில் சந்தேகமில்லை. 'ஐ' உருபு ஒட்டிக்கொண்டு காவல் காக்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அந்தக் காவல் இல்லை. 'டாக் பைட்ஸ் மேன்' என்பதில் இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் கடித்தவனும் கடிபட்டவனும் மாறிவிடுகிறார்கள். சொல் நிற்கும் இடமே அங்கே வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. அந்த விதியைத் தளர்த்திவிட்டு 'புரிந்தால் போதும்' என்று சொல்ல முடியாது, புரிவதற்கே அதுதான் வழி.

அதைவிட நுட்பமான இடம் ஒன்று இருக்கிறது. 'எ', 'தி' என்ற இரண்டு சின்னச் சொற்கள். தமிழில் இவற்றுக்கு நேரான ஆள் இல்லாததால் நாம் சாதாரணமாக விட்டுவிடுகிறோம், அல்லது குத்துமதிப்பாகப் போடுகிறோம். "வி ஃபவுண்ட் எ பிராப்ளம்" என்று ஒரு மெயில் வந்தால் அது கெட்ட செய்தி: புதிதாக ஒரு கோளாறு கிளம்பியிருக்கிறது. "வி ஃபவுண்ட் தி பிராப்ளம்" என்று வந்தால் நல்ல செய்தி: இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த கோளாறு கையில் சிக்கிவிட்டது. ஒரே ஒரு சொல்லில், படிப்பவர் கவலைப்பட வேண்டுமா பெருமூச்சு விட வேண்டுமா என்பது மாறுகிறது. இரண்டையும் விட்டுவிட்டு "ஃபவுண்ட் பிராப்ளம்" என்று எழுதினால், எதிரில் இருப்பவர் திரும்ப ஒரு மெயில் போட்டுக் கேட்க வேண்டியதுதான்.

காலமும் அப்படித்தான். "ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்றால் அந்தப் பத்து வருடம் முடிந்துபோனது. "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்றால் ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறார். விண்ணப்பத்தில் இது மாறிப்போனால், வேலையில் இருப்பவர் வேலையை விட்டவராகத் தெரிவார். "ஆஃப்டர் ரீடிங் தி ரிப்போர்ட், தி மெஷின் வாஸ் சுவிட்ச்ட் ஆஃப்" என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். இயந்திரம் அறிக்கையைப் படித்தது என்று யாரும் நினைக்கப்போவதில்லை, அது உண்மை. ஆனால் படித்தவர் யார், நிறுத்தியவர் யார், இருவரும் ஒருவரா என்ற தகவல் வாக்கியத்திலிருந்து நழுவிவிட்டது. இங்கே விதியைக் காப்பாற்றினால் தகவலும் தானாகக் காப்பாற்றப்படும்.

இதுவரை சொன்னவற்றில் விதிக்கும் தெளிவுக்கும் சண்டையே இல்லை. சண்டை வருவது வேறு வகை விதிகளில். அவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

பிரெஞ்சு மொழிக்கு ஒரு அகாதெமி இருப்பதுபோல ஆங்கிலத்துக்கு எந்த அதிகார பீடமும் இல்லை. 1712இல் எழுத்தாளர் ஜோனாதன் ஸ்விஃப்ட் அப்படி ஒரு அமைப்பு வேண்டும் என்று கேட்டார், அது நடக்கவில்லை. ஆகவே 'விதி' என்று நமக்கு வந்து சேர்ந்தவற்றில் பல, தனித்தனி ஆட்களின் விருப்பு வெறுப்பாகத் தொடங்கியவை. வாக்கியத்தை ப்ரிபோசிஷனில் ('ஃபார்', 'வித்' போன்ற சொல்லில்) முடிக்கக் கூடாது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1672இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர், தனக்கு முந்தைய தலைமுறை நாடக ஆசிரியரான பென் ஜான்சனின் வரிகளில் இதைக் குறையாகச் சொன்னார். அப்புறம் தன்னுடைய பழைய கட்டுரை ஒன்றை 1684இல் மறுபதிப்புக்குக் கொடுத்தபோது, அதில் கடைசியில் நின்ற ப்ரிபோசிஷன்களை எல்லாம் தேடித் தேடி மாற்றினார். 1762இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லோத், இது பேச்சு வழக்கில் இயல்பானது, முன்னால் கொண்டுபோய் வைத்தால் எழுத்தில் அழகாக இருக்கும் என்ற அளவில்தான் சொன்னார். அவர் கொடுத்த ஆலோசனை பிறகு வந்த பள்ளிப் புத்தகங்களில் தடைச் சட்டமாக இறுகிவிட்டது. "ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?" என்று சாதாரணமாகக் கேட்கிற ஒருவரை "ஃபார் ஹூம் ஆர் யூ வெயிட்டிங்?" என்று கேட்க வைப்பதால் யாருக்கும் கூடுதலாக ஒன்றும் புரிவதில்லை.

'டு' என்பதற்கும் வினைக்கும் நடுவே வேறு சொல் நுழையக் கூடாது என்கிற விதி இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அது சில சமயம் பொருளையே கெடுக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்ற தடை இது. 1864இல் ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற பாதிரியார் இதைக் கண்டித்து எழுதினார். ஒருமுறை நான் ஒரு அறிக்கையில் "தி டீம் ஃபெய்ல்ட் டு கம்ப்ளீட்லி டெஸ்ட் தி சிஸ்டம்" என்று எழுதியிருந்தேன். சோதனை நடந்தது, ஆனால் முழுதாக நடக்கவில்லை என்று பொருள். மேலே இருந்தவர் 'கம்ப்ளீட்லி'யைச் சுற்றி வட்டம் போட்டு, 'டு'வுக்கு முன்னால் நகர்த்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார். நகர்த்தினால் என்ன ஆகிறது? "கம்ப்ளீட்லி ஃபெய்ல்ட் டு டெஸ்ட்" என்று ஆகிவிடும். அதாவது சோதனையே நடக்கவில்லை! வாரக்கணக்கில் உழைத்தவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுத்தில் பதிவாகிவிடும். "ஃபெய்ல்ட் கம்ப்ளீட்லி டு டெஸ்ட்" என்று நடுவில் வைத்தாலும் அதே தொல்லை. இரண்டையும் அவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரு நிமிடம் யோசித்தவர், "பழையபடியே இருக்கட்டும்" என்றார். "வி எக்ஸ்பெக்ட் சேல்ஸ் டு மோர் தேன் டபுள்" போன்ற வாக்கியத்திலோ 'மோர் தேன்' நகர்வதற்கு வேறு இடமே கிடையாது. விற்பனை இரு மடங்குக்கு மேல் போகும் என்பதை அந்த விதிக்குப் பணிந்து சொல்ல வேண்டுமானால் வாக்கியத்தையே கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும்.

விதியைப் பிடித்துக்கொண்டே தெளிவை இழந்ததற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்கிற உதாரணம் அமெரிக்காவின் மெயின் மாநிலத்துச் சட்ட வரி. சில வேலைகளுக்கு ஓவர்டைம் சம்பளம் இல்லை என்று சொல்லும் பட்டியல் அது. பதப்படுத்துதல், உறைய வைத்தல், உலர்த்துதல், சேமித்தல் என்று போய்க் கடைசியில் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என்று முடிகிறது. 'ஷிப்மென்ட்'டுக்குப் பிறகு கமா இல்லை. அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பேக் செய்வது என்ற ஒரே வேலையா? அல்லது பேக் செய்வது ஒன்று, விநியோகிப்பது இன்னொன்று என்று இரண்டு வேலையா? பால் பொருள் நிறுவனம் ஒன்றின் வண்டி ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் விநியோகிப்பவர்கள், பேக் செய்பவர்கள் அல்லர். ஒரே வேலை என்றால் அவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள், ஓவர்டைம் கிடைக்கும். வரியை இரண்டு விதமாகவும் படிக்க முடிகிறது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. இதில் என்னைத் தொடுவது என்னவென்றால், அந்தக் கமாவை யாரும் மறந்துவிடவில்லை. பட்டியலின் கடைசி உறுப்புக்கு முன்னால் கமா போடாதே என்பதுதான் அந்த மாநிலத்துச் சட்ட வரைவுக் கையேடு சொல்லும் முறை. குழப்பம் வரக்கூடிய இடங்களில் கவனமாக இருக்கவும் அதே கையேடு சொல்கிறது. முறை பின்பற்றப்பட்டது, கவனம் விட்டுப்போனது. பிறகு சட்டமன்றம் அந்தப் பட்டியலை அரைப்புள்ளிகளால் பிரித்து எழுதியது.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியானால் புரிந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளலாமே" என்று தோன்றும். எனக்கும் கொஞ்ச காலம் தோன்றியது. அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. விதியைச் சரிபார்த்துவிடலாம், தெளிவைத் தானாகச் சரிபார்க்க முடியாது. எழுதியவருக்குத் தன் வாக்கியம் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். சொல்ல வந்தது என்ன என்று அவருக்கு முன்பே தெரியுமே! 'ஃபார்வர்ட்' என்று நான் எழுதியபோது எனக்கு இருந்தது ஒரே ஒரு நாள்தான். இன்னொரு நாள் இருக்கக்கூடும் என்பதே மனதில் வரவில்லை.

1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, நெரிசல், அவசரம் என்று பல காரணங்கள் ஒன்றுசேர்ந்த விபத்து. அவற்றில் ஒன்று ஒரு வாக்கியம். அவற்றில் ஒரு விமானம் ஓடத் தொடங்கியிருந்தபோது அதன் துணை விமானி "வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்" என்ற பொருள்பட ரேடியோவில் சொன்னார். கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் சொல்ல வந்தது. கிளம்பத் தயாராக அந்த இடத்தில் நிற்கிறோம் என்பது கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டது. சொன்னவருக்கு அதில் எந்தக் குழப்பமும் இருந்திருக்காது. அதற்குப் பிறகு விமான ரேடியோ மொழியில் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும், மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும் என்று கட்டுப்படுத்தினார்கள்.

விமானிகள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டால் பள்ளி இலக்கணத்தில் தேறாது. 'எ', 'தி' இருக்காது, பல நேரம் எழுவாயே இருக்காது. ஆனால் அது விதியில்லாத மொழி இல்லை. எந்தச் சொல் எங்கே என்று அவ்வளவு கறாரான விதிகளோடு இருக்கிறது. தெளிவு மிக அவசியமான இடத்தில் மனிதர்கள் 'புரிந்தால் போதும்' என்று விட்டுவிடாமல், புரிவதற்கென்றே விதி செய்திருக்கிறார்கள். இதை யோசித்த பிறகுதான் என் பழைய எண்ணம் மாறியது. ஒரு விதி முன்னால் வந்து நின்றால், அது படிப்பவரைத் தவறான அர்த்தத்திலிருந்து காக்கிறதா என்று கேட்கிறேன். காக்கிறது என்றால் அதை மீறுவதில்லை, எவ்வளவு அவசரமாக இருந்தாலும்.

காக்கவில்லை என்றால்? அங்கேயும் உடனே மீறிவிட முடியாது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "ஹி டோன்ட் நோ நத்திங்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது யாருக்கும் புரியும். இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு ஆகிவிடும் என்ற கணக்கு பேச்சில் யார் காதிலும் ஓடுவதில்லை. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் ஆங்கிலத்தில் எதிர்மறைகள் அடுக்கடுக்காக வரும். ஆனாலும் இன்று ஒரு வேலை விண்ணப்பத்தில் அப்படி எழுதினால், படிப்பவர் பொருளைப் புரிந்துகொண்டு ஆளை ஒதுக்கிவிடுவார். அது நியாயமா என்றால் இல்லை. ஆனால் அந்த அநியாயத்தின் விலையைக் கொடுப்பது விண்ணப்பித்தவர்தான், அவருக்கு ஆலோசனை சொன்ன நான் இல்லை. அதனால் விண்ணப்பம், வழக்குக் கடிதம், முன்பின் தெரியாத பெரியவருக்கு எழுதும் முதல் மெயில் ஆகியவற்றில் இந்த மரியாதை விதிகளையும் கடைப்பிடியுங்கள் என்றே யார் கேட்டாலும் சொல்கிறேன். கூட வேலை செய்பவருக்கு எழுதும்போது 'ஹூம்' தேவையில்லை.

'தே' என்பதை ஒருவருக்குப் பயன்படுத்துவது பற்றி இன்னும் சிலர் தயங்குகிறார்கள். "இஃப் எனிஒன் கால்ஸ், டெல் தெம் ஐ வில் பி லேட்" என்பதில் கூப்பிடுவது ஆணா பெண்ணா என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இந்த வழக்கு 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. பிறகு 'ஹி' என்பதே பெண்ணையும் குறிக்கும் என்று இலக்கணக்காரர்கள் சொன்னார்கள். 1850இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்ட வாசகங்களுக்கு அப்படி ஒரு சட்டமே இயற்றியது. நாம் இன்று ஒருவரைப் பார்த்துச் சொல்லும் 'யூ'வும் ஒரு காலத்தில் பன்மைதான். ஒருமைக்கு இருந்த 'தவ்' வழக்கொழிந்தது. தமிழில் ஒருவரையே 'அவர்கள்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் தயங்க என்ன இருக்கிறது? தாராளமாக எழுதலாம்.

பல நேரம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே வராது என்பதையும் அனுபவத்தில் கற்றேன். எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃபியூவர்', எண்ண முடியாதவற்றுக்கு 'லெஸ்' என்று ஒரு விதி. பத்துப் பொருளுக்கு மேல் வாங்காதவர்களின் பில் வரிசையில் தொங்கும் 'டென் ஐடம்ஸ் ஆர் லெஸ்' என்ற கடைப் பலகை யாரையும் குழப்பியதில்லை, ஆனால் விதிப் பிரியர்களைப் பல வருடம் உறுத்தியது. 2008இல் பிரிட்டனின் டெஸ்கோ கடைகள் அதை 'அப் டு டென் ஐடம்ஸ்' என்று மாற்ற முடிவு செய்தன. புரிவதும் குறையவில்லை, குறை சொல்லவும் இடமில்லை. விதியும் தெளிவும் முட்டிக்கொள்ளும் வாக்கியம் பெரும்பாலும் முதலிலேயே கொஞ்சம் கோணலாகக் கட்டப்பட்ட வாக்கியமாக இருக்கும். இரண்டு நிமிடம் செலவழித்தால் வேறு மாதிரி கட்டிவிடலாம். அந்த இரண்டு நிமிடம் இல்லாதபோது நான் தெளிவின் பக்கம் சாய்கிறேன்.

எந்த இலக்கணச் செயலியும் பிடிக்காத வாக்கியங்களுக்குத்தான் இப்போது அதிக நேரம் கொடுக்கிறேன். "ப்ளீஸ் ரிவ்யூ தி ஃபைல் ஐ சென்ட் ஆன் மண்டே." திங்கட்கிழமை அனுப்பிய ஃபைலா, திங்கட்கிழமை அன்று பார்க்க வேண்டிய ஃபைலா? 'பைவீக்லி' என்றால் வாரம் இரண்டு முறையா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையா? அகராதிகள் இரண்டு பொருளையும் தருகின்றன, ஆகவே அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை அன்று 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்று எழுதினால் அது இந்த வெள்ளியா அடுத்த வெள்ளியா என்று ஆளுக்கு ஆள் மாறும், தேதி போட்டுவிட்டால் வம்பு இல்லை. அனுப்பும் முன் மெயிலை ஒருமுறை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு படிக்கிறேன். முக்கியமானது என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, "இதைப் படித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறேன். 'புரிகிறதா?' என்று மட்டும் கேட்பதில்லை. அதற்கு எல்லாரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "சரி, திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுவேன்" என்று பதில் வர வேண்டும். "ஏதோ கூட்டம் மாறியிருக்கிறது போல" என்று வந்தால் மெயில் இன்னும் போகத் தயாராகவில்லை.

கூட்டம் மாறினால் நான் இப்போது எழுதுவது இப்படி: "வெட்னஸ்டேஸ் மீட்டிங் இஸ் நவ் ஆன் மண்டே, அட் 10 ஏ.எம்." பக்கத்தில் தேதியும் போடுகிறேன்.